ஏற்காட்டிலிருந்து ஆறாவது புகார்: பணத்தைத் திருப்பித் தாருங்கள்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வி.ஆர். (மெய்நிகர் காட்சி) தளர்வுப் பயிற்சிக் கருவியின் விரல் சென்சார் பழுது

ஐயா,

இதற்கு முன் அனுப்பிய ஐந்து கடிதங்களுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே பதில்தான் வந்தது.

பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரவில் பதறி எழும் என் அப்பாவுக்காக 42,000 ரூபாய் கொடுத்து இதை வாங்கினேன். விரல் சென்சார் நாடித் துடிப்பை அளக்கும்; நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக விட்டால், கண்ணில் மாட்டும் ஹெட்செட்டில் தெரியும் ஏரிக் காட்சியில் பனிமூட்டம் விலக வேண்டும். அவர் எவ்வளவு அமைதியாக உட்கார்ந்தாலும் மூட்டம் அடர்கிறது; "பதற்றம் அதிகம்" என்று எழுத்து வருகிறது. அதைப் பார்த்தே அவருக்குப் படபடப்பு கூடிவிட்டது.

மே மாதம், கோடை விழா நெரிசலில், அவரையும் அழைத்துவரச் சொன்னது உங்கள் ஆள்தான். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் நின்றபடியே இறங்கினோம். சேலம் சர்வீஸ் சென்டரில் இரண்டரை மணி நேரம் காக்க வைத்துவிட்டு, கருவியைக் கையில்கூட வாங்காமல் அந்த ஊழியர் சொன்னார்: "மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, பெரியவருக்குத்தான் கோளாறு." அப்பாவின் முகத்துக்கு நேரே! காப்பித் தோட்டத்தில் நாற்பது ஆண்டு உழைத்த மனிதர், திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து ஹெட்செட்டைத் தொடுவதும் இல்லை.

சென்சாரைக் கழற்றி மேசைமேல் வைத்தபோதும் துடிப்பு 84 என்று காட்டியது. மேசைக்கு ஏது நாடி? அந்த வீடியோவை இரண்டு முறை அனுப்பினேன். மலைக்குளிரில் விரலில் ரத்த ஓட்டம் குறையும் என்றீர்கள்; கையை வெந்நீரில் நனைத்துத் துடைத்தும் பார்த்தோம். சேலத்துக்கு வந்தால் வியர்வை என்கிறீர்கள். வாங்கிய ஒன்பதாம் நாளே புகார் செய்தேன் என்பதையும் மறந்துவிட்டீர்கள். எங்கள் வீட்டின் நிம்மதியையே அழித்துவிட்டீர்கள்.

தயவுசெய்து பதினைந்து நாளுக்குள் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்துவிட்டு, சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். உங்கள்மேல் எனக்குத் தனிப்பட்ட பகை இல்லை ஐயா. ஆனால் அந்த ஊழியர் அப்பாவிடம் வருத்தம் தெரிவித்தே ஆக வேண்டும். மாலை ஆறு மணிக்கு மேல் அழைக்கச் சொல்லுங்கள். மதியத்தில்தான் அவர் சிறிது நேரம் தூங்குகிறார்.

இப்படிக்கு,
ஏற்காடு வாடிக்கையாளர்