மேடிசனிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா அனுப்பிய கருப்பட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது.

"அங்கே எம்.எல்.ஏ.க்கள் எல்லாம் எப்படி?" என்று போன வாரம் கேட்டீர்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

விஸ்கான்சின் மாநிலச் சட்டமன்றம் எங்கள் மேடிசன் ஊரில்தான் இருக்கிறது. இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒடுங்கிய நிலத்தில், வெள்ளைக் கிரானைட் குவிமாடத்தோடு நிற்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், கட்டணம் இல்லை. இங்கே ஆளுநர் நம் முதலமைச்சர் மாதிரி, மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். அவர் அலுவலக வாசலில் பேட்ஜர் என்ற விலங்கின் வெண்கலச் சிலை இருக்கிறது. மூக்கைத் தடவினால் நல்லது நடக்கும் என்று வருகிறவர்கள் எல்லாம் தடவித் தடவி, உடம்பு கறுத்திருக்க மூக்கு மட்டும் பொன்னாக மின்னுகிறது. நானும் உங்கள் முழங்காலை நினைத்துக்கொண்டு தடவினேன்.

கீழவையில் 99 பேர், செனட் என்ற மேலவையில் 33 பேர். அந்த செனட்டில் இருந்த ஒருவரைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பிரெட் ரிஸ்ஸர். 1956 நவம்பர் 6 அன்று நடந்த தேர்தலில் முதல்முறை கீழவைக்கு வென்றார். தேதியைக் கவனித்தீர்களா? நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது. உங்களுக்கு அப்போது ஆறு வயது. 1962இல் செனட்டுக்குப் போனவர், 2021 ஜனவரியில்தான் பதவியை விட்டு இறங்கினார், 93 வயதில். மொத்தம் 64 ஆண்டுகள். அமெரிக்காவில் எந்த மாநிலச் சட்டமன்றத்திலும் இவ்வளவு காலம் யாரும் இருந்ததில்லை.

வாரிசு அரசியல்தானே என்பீர்கள். உண்மைதான், அவருடைய அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லோரும் அங்கே உறுப்பினர்களாக இருந்தவர்கள். ஆனால் தாத்தா குடியரசுக் கட்சி, அப்பா முற்போக்குக் கட்சி, இவர் ஜனநாயகக் கட்சி. குடும்பத்தின் பெயர் வந்தது, கட்சி வரவில்லை. என்னைக் கவர்ந்தது வேறு. வாஷிங்டனுக்குப் போகாமல், ஒரே ஊரின் பிரதிநிதியாகவே வாழ்நாளைக் கொடுத்தாரே, அது.

பொது இடங்களில் புகைப்பிடிப்பதைத் தடுக்கப் பல ஆண்டுகள் விடாமல் போராடியவர்களில் அவரும் ஒருவர். 2010 ஜூலை 5 முதல் மாநிலம் முழுவதும் உணவகங்களிலும் மதுக்கடைகளிலும்கூடத் தடை வந்தது. பீடிப் புகையில் இருமி இருமியே போன பெரியப்பாவை நினைத்தால், அந்த ஒரு சட்டத்துக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

2011 பிப்ரவரியில் நடந்ததைச் சொன்னால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் சங்கமாகப் பேரம் பேசும் உரிமையைப் பெருமளவு பறிக்கும் மசோதா வந்தது. நிதி மசோதா என்பதால் செனட்டில் 20 பேர் அவையில் இருந்தாக வேண்டும். ஆளும் குடியரசுக் கட்சியிடம் 19 பேர்தான். எதிர்க்கட்சியினர் 14 பேரும் எல்லை தாண்டி இலினாய் மாநிலத்துக்குப் போய்விட்டார்கள். 83 வயது ரிஸ்ஸரும் போனார்! மூன்று வாரம் கழித்து, நிதி தொடர்பான பகுதிகளை நீக்கிவிட்டு அவர்கள் இல்லாமலே மசோதாவை நிறைவேற்றினார்கள். தோல்விதான். அவையை விட்டுப் போனது முறையா என்று இன்னும் வாதிடுகிறார்கள். 2003இல் நம் ஊர் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் நீங்கள் பட்டினியோடு வீடு திரும்பிய நாட்களைப் பார்த்த எனக்கு, அவர் செய்தது சரியென்றே படுகிறது.

எனக்கு இங்கே ஓட்டு இல்லை. ஆனாலும் நேரம் கிடைக்கும்போது பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்து வருகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். 1956 நவம்பர் 1 அன்று தாத்தா உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனதாகப் பாட்டி சொல்வாளே, அன்று நீங்கள் என்ன பார்த்தீர்கள்? நினைவில் இருப்பதை எல்லாம் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி