வட சென்னை மெடிக்கல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எந்தத் தெருவானாலும் உடம்புக்கு ஒன்று என்றால் ஜனங்கள் முதலில் வந்து நிற்பது உங்கள் கடை வாசலில்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

கடையில் பெண்கள் நின்றால் ஓரமாக ஒதுங்கி நிற்பார் ஒருவர். அவர்கள் போனதும் கிட்டே வந்து, "அண்ணே, ஒண்ணுக்குப் போனா எரியுது, சீழ் மாதிரி வருது" என்பார். நீங்களும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல், அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கவரில் போட்டு நீட்டுவீர்கள். அவர் கூச்சத்தை மதிக்கிறீர்கள், சரி. ஆனால் நோய் போய்விடும் என்று சொல்ல முடியாது.

இது உடலுறவில் தொற்றும் வெட்டை நோயாக (கொனோரியா) இருக்கலாம். அதன் கிருமி பழைய மருந்துகள் பலவற்றுக்கு இப்போது அடங்குவதில்லை. எரிச்சல் தணிந்தாலும் கிருமி உள்ளேயே தங்கிவிடலாம். அதே வழியில் தொற்றும் சிபிலிஸ் இன்னும் மோசம். அதில் முதலில் வரும் புண் பெரும்பாலும் வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் 3 முதல் 6 வாரத்தில் தானாக ஆறிவிடும். நீங்கள் கொடுத்த களிம்பில் ஆறியதாக அவர் நினைத்துக்கொள்வார். கிருமியோ உடம்பிலேயே இருந்து, பல வருஷம் கழித்து இதயத்தையும் மூளையையும் பிடிக்கலாம். கர்ப்பிணிக்குத் தொற்றினால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம். ஆரம்பத்திலேயே ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால், பெரும்பாலும் ஒரே பென்சிலின் ஊசியில் தீர்கிற நோய் இது! அந்த ஊசி கிடைக்காமல் போக நாம் காரணமாகலாமா?

வீட்டில் இருக்கும் மனைவியை நினைத்துப் பாருங்கள். கிளமிடியா என்று இன்னொரு பால்வினை நோய், அது தொற்றினால் பெண்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே தெரியாது. சத்தமில்லாமல் கருக்குழாய் அடைத்துக்கொள்ளலாம். அப்புறம் குழந்தை இல்லை என்ற பழியும் அவள் தலையில்தான் விழும். துணைக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்காவிட்டால் கணவருக்கே திரும்பத் தொற்றலாம். உங்கள் நாலு மாத்திரையில் அவளுக்குப் பங்கு இல்லையே, அண்ணே. லாரிக்காரர், போட்டுக்காரர் என்று ஒரு கூட்டத்தின் மேல் பழி போடுவதிலும் எனக்குச் சம்மதமில்லை. இது யாருக்கும் வரும்.

ஆகவே அப்படி ஒருவர் வந்தால், "ஸ்டான்லி ஆஸ்பத்திரியில இதுக்குன்னே டாக்டருங்க இருக்காங்க, காசு வாங்க மாட்டாங்க, வீட்டுலயும் கூட்டிட்டுப் போங்க" என்று மெதுவாகச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. அங்கே சொல்வதை வெளியே விடக் கூடாதென்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. போகத் தயங்கினால் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள், இலவசம்.

ஆணுறை விஷயமும் ஒன்று. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில், 1986இல், கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 'புள்ளி ராஜா' என்ற எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தை ஊரெங்கும் பார்த்தவர்கள் நாம். இன்னமும் ஆணுறையை உள் அலமாரியில் ஒளித்து வைத்து, கருப்புக் கவரில் சுற்றித் தருவது ஏன்? எல்லாத் தொற்றையும் அது முழுசாகத் தடுக்காது என்றாலும், எச்.ஐ.வி., வெட்டை போன்றவற்றுக்கு நல்ல தடுப்பு. இருமல் மருந்துக்குப் பக்கத்திலேயே, கண்ணில் படுகிற மாதிரி வையுங்கள். வயசுப் பையன் கேட்டாலும், கல்யாணமாகாத பெண் கேட்டாலும், முகத்தைப் பார்க்காமல் எடுத்துக் கொடுங்கள்.

அன்புடன்,
ராயபுரத்திலிருந்து உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி