கல்ச்சருடன் அமோனியாவும் அனுப்புங்கள்

பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும்,

வணக்கம்.

நிறைமாதக் குழந்தை. பிறந்த அன்று நன்றாகப் பால் குடித்தது. மூன்றாம் நாள் குடிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது, மூச்சு வாங்குகிறது. ‘செப்சிஸ்’ (ரத்தத்தில் பரவிய கிருமித் தொற்று) என்று எழுதி ஆன்டிபயாடிக் தொடங்குவதில் தவறில்லை. அதே குத்தில் அமோனியாவுக்கும் ரத்தம் எடுக்காமல் விடுவதுதான் தவறு. புரதக் கழிவான அமோனியாவை யூரியாவாக மாற்ற முடியாத பிறவி நோயான யூரியா சுழற்சிக் கோளாறும் இப்படித்தான் வரும். கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) முடிவு வரும்வரை ஏறும் அமோனியாவை மூளை தாங்காது.

ரத்த வாயு அறிக்கையைப் பாருங்கள். அமோனியா மூச்சு மையத்தைத் தூண்டுவதால் கார்பன் டைஆக்சைடு இறங்கி, பி.எச். ஏறியிருக்கும். செப்சிஸ் முற்றிய குழந்தையிடம் பெரும்பாலும் அமிலத்தன்மைதான் இருக்கும்.

முடிவு கெடுவது பெரும்பாலும் சாம்பிளில். கையைக் கட்டாமல், பிழியாமல், தானாக வழியும் ரத்தம் வேண்டும். குதிகால் குத்தல் உதவாது. ஈ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உள்ள) டியூபை உடனே ஐஸில் வைத்து, அரை மணிக்குள் பிளாஸ்மா பிரிக்க வேண்டும். மேசையில் கிடந்த டியூபில் சிவப்பணுக்களே அமோனியாவை விட்டுக்கொண்டிருக்கும். பொய்யாக ஏறிய எண்தான் வரும். அலகையும் பாருங்கள்: டெசிலிட்டருக்கு 170 மைக்ரோகிராம் என்பது லிட்டருக்கு 100 மைக்ரோமோல். நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு 150 மைக்ரோமோல் தாண்டினால் சந்தேகியுங்கள், உடனே மறுசாம்பிள் அனுப்புங்கள். அதற்காகச் சிகிச்சை காத்திருக்க வேண்டாம்.

பாலை நிறுத்துங்கள். 10% டெக்ஸ்ட்ரோஸ், கிலோவுக்கு நிமிடத்துக்கு 8 மி.கி. குளுக்கோஸ் கணக்கில்: 3 கிலோ குழந்தைக்கு மணிக்கு 14.4 மி.லி. சர்க்கரை ஏறினால் டெக்ஸ்ட்ரோஸைக் குறைக்காமல் இன்சுலின் சேருங்கள். அமோனியாவை வெளியேற்ற ஊசிவழி சோடியம் பென்சோயேட் கிலோவுக்கு 250 மி.கி., 90 முதல் 120 நிமிடத்தில். கணக்கை இருவர் சரிபார்க்கட்டும், அளவு மீறினால் அதுவே விஷம். புரதத்தை 48 மணி நேரத்துக்கு மேல் நிறுத்தி வைக்காதீர்கள். தன் தசையையே கரைத்து உடல் மறுபடி அமோனியா உண்டாக்கும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் மருந்து கூடாது, அது அமோனியாவை ஏற்றும்.

அமோனியா 500 மைக்ரோமோல் தாண்டினால் ஹீமோடயாலிசிஸ் (இயந்திர ரத்தச் சுத்திகரிப்பு) உள்ள இடத்துக்குப் பேசிவிட்டு அனுப்புங்கள். ரத்த மாற்று (எக்ஸ்சேஞ்ச் டிரான்ஸ்ஃப்யூஷன்) இதற்குப் போதாது. ஆம்புலன்ஸில் டெக்ஸ்ட்ரோஸ் நிற்கக் கூடாது.

சேர்க்கும்போது சொந்தத்தில் திருமணமா என்று கேட்கிறோம். முதல் வாரத்தில் இறந்த மூத்த குழந்தை உண்டா, தாயின் சகோதரர் யாராவது பச்சிளம் பருவத்தில் போனாரா என்றும் கேளுங்கள், யூரியா சுழற்சிக் கோளாறுகளில் ஒன்றான ஓ.டி.சி. நொதிக் குறைபாடு பெரும்பாலும் தாய்வழியாக வரும், அதற்குச் சொந்தத் திருமணம் தேவையில்லை.

குழந்தை தவறிவிட்டால், பெற்றோரின் ஒப்புதலோடு குழந்தையின் பிளாஸ்மாவை உறையவைத்தும், டி.என்.ஏ.வுக்கான ரத்தத்தை எடுத்தும் வையுங்கள். அடுத்த கருவில் சோதிக்க அந்த ரத்தம் வேண்டும்.

இப்படிக்கு,
வளர்சிதைமாற்ற நோய்களைக் கவனிக்கும் மருத்துவர்கள்