இடப்பக்கக் கண்ணாடி

குன்னூர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ விட்டுச்சென்ற காரின் முன் இடப்பக்கக் கதவுக் கண்ணாடி சரியாகிவிட்டது. மொத்தச் செலவு 4,050 ரூபாய். பணம் போட்டுவிடுகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தாய், வேண்டாம். அந்தத் தொகை எதனால் வந்தது என்பதை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சந்தைக்குப் போகும் வழியில் அம்மா சுவிட்சை அழுத்தினாள். கண்ணாடி நான்கு விரல் இறங்கி, மடக்கென்று ஓர் ஓசையுடன் சாய்ந்து நின்றுவிட்டது. அன்றிரவு நல்ல மழை. பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைத்தும் இருக்கை நனைந்தது. விடிந்ததும் குரங்குகள் அந்தத் தாளைக் கிழித்து உள்ளே புகுந்தன. மற்றதை அம்மா சொல்லியிருப்பாள்.

குந்தா மின்நிலையத்தில் வேலை பார்த்தவனுக்கு முதலில் பியூஸ் மீதுதான் கண் போகும். ஆனால் மற்ற மூன்று கண்ணாடிகளும் ஒழுங்காக ஏறி இறங்கின. இடக் கதவின் சுவிட்சை அழுத்தினால் உள்ளே மோட்டார் சுற்றும் ஓசையும் கேட்டது. மோட்டார் சுற்றுகிறது என்றால் பியூஸ், சுவிட்ச், ஒயர் மூன்றும் நன்றாகவே இருக்கின்றன. பழுது கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டரில்தான் இருக்க வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் தொலைபேசியில் கேட்டபோது, கதவைத் திறந்து பார்க்காமலேயே, மோட்டாரோடு சேர்த்து மாற்ற வேண்டும், 8,900 ஆகும் என்றார்கள். ஓடுகிற மோட்டாரை எதற்காக மாற்றுவது? காப்பீட்டிலும் இதற்குப் பணம் கிடைக்காது. விபத்துக்குக் கொடுப்பார்களே தவிர, தேய்மானத்துக்கும் தானாக வரும் பழுதுக்கும் கொடுக்க மாட்டார்கள். சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழையது ஒன்று 1,200 ரூபாய்க்கு வரவழைக்கலாம் என்று உன் சித்தப்பா சொன்னார். இந்த ஊர் மழையில் யாரோ கழற்றிப்போட்டதை மாட்டிவிட்டு மறுபடியும் கதவைத் திறக்க எனக்கு மனமில்லை.

கடைசியில் இங்குள்ள பெட்போர்டு பக்கத்து மெக்கானிக்கிடம்தான் கொடுத்தேன். ரெகுலேட்டர் 2,400, கண்ணாடி ஓடும் ரப்பர் 950, கூலி 700. உதிரிபாகங்களுக்கு முன்பு 28 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டதால் இந்த மட்டில் முடிந்தது. கதவின் உட்பக்க மூடியான டோர் பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளை மறுபடியும் ஒழுங்காக ஒட்டினாரா என்று கூடவே நின்று பார்த்துக்கொண்டேன். அதை அவசரத்தில் விட்டுவிட்டால் கதவுக்குள் இறங்கும் மழைநீர் கீழே உள்ள துளைகள் வழியாக வெளியேறாமல் காலடிக்கு வந்துவிடும்.

அவர் கதவைப் பிரித்ததும் சொன்ன ஒரு விஷயம்தான் என் மனதில் நிற்கிறது. அந்தப் பக்கக் கண்ணாடியை மாதக்கணக்கில் யாரும் இறக்கவே இல்லை என்றார். ஓசூர்த் தூசி ரப்பரில் இறுகிப் படிந்து, இங்கே வந்து ஈரம் பட்டதும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மோட்டார் இழுத்த இழுப்பில் ரெகுலேட்டரின் கேபிள் அறுந்துவிட்டது. ஓட்டுநர் பக்கத்து ரப்பரோ புதிதுபோல வழவழவென்று இருக்கிறது. இரண்டையும் என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

நீ அன்றாடம் அலுவலகத்துக்கு எடுத்துச்சென்ற வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் நீயும் மருமகளும் வெளியே போவதாகச் சொல்லியிருந்தாய். பர்லியார் பழக்கடைகளைக் கண்டால் அந்தக் கண்ணாடி இறங்காமல் நாம் அவ்விடத்தைக் கடந்ததே இல்லை. மங்குஸ்தான் விலை கேட்டு, அதிகம் என்று சொல்லி, பிறகு இரண்டு கிலோ வாங்கிக்கொண்டுதான் வண்டி கிளம்பும். ஓசூரில் பழக்கடைகளே இல்லையா? அம்மாவிடம் மெக்கானிக் சொன்னதை நான் சொல்லவில்லை. ரெகுலேட்டர் பழையதாகிவிட்டது என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

யாரிடமும் ஒரு ரூபாய் கேட்காமல், ஒரு தவணையும் தவறாமல் கட்டி முடித்து நீ வாங்கிய வண்டி அது. இன்றும் தெருவில் யாராவது கேட்டால், என் மகனுடையது என்று சொல்ல எனக்குப் பெருமைதான். ஆனால் எஞ்சின் எண்ணெயைத் தேதி பார்த்து மாற்றுகிறவனுக்கு, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கண்ணாடி ஒட்டிப்போனது எப்படித் தெரியாமல் போயிற்று? தெரிந்திருந்தும் யாரிடமும் சொல்லாமல் இருந்தாயானால் அதுவும் நல்லதல்ல. ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தால் ரப்பரைத் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே அடித்து, இருநூறு முந்நூறு ரூபாயோடு முடிந்திருக்கும். ரப்பருக்கு எண்ணெயோ கிரீஸோ போடாதே, ஊறி உப்பிவிடும். வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் கண்ணாடிகளையும் முழுவதுமாக இறக்கி ஏற்று.

வண்டியை எடுத்துப்போக எப்போது வருகிறாய் என்று நீ இன்னும் எழுதவில்லை. அவசரமில்லை. இருவருக்கும் விடுப்பு கிடைக்கும் நாளாகப் பார்த்து வாருங்கள். தனியாகத்தான் வர முடியும் என்றாலும் வா. வந்து நாலு நாள் இரு, நான் ஒன்றும் கேட்கமாட்டேன். அதுவரை இடப்பக்கக் கண்ணாடியை நானே வாரம் ஒருமுறை இறக்கி ஏற்றிவைக்கிறேன். பணத்தை மட்டும் அனுப்பிவிடாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்குப் போன் செய். மருமகள் பக்கத்தில் இருந்தால் அவளையும் பேசச் சொல்.

இப்படிக்கு,
அப்பா