மூன்று மாதச் சர்க்கரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். வெண்ணாற்றில் தண்ணீர் போகிறது, நாற்றுப் பறிக்க ஆள் இல்லை, அது வருஷா வருஷம் பாடுகிற பாட்டு. நேரத்துக்குச் சாப்பிடு.

முட்டிவலிக்கு நான் கும்பகோணம் போய் அக்குபங்சர் ஊசி போட்டுக்கொள்வதை அம்மா சொல்லியிருப்பாள். இப்போது படி இறங்க முடிகிறது. ஊசி ரொம்ப மெல்லிசுதான். குத்துவது தெரியாது, திருகும்போது மட்டும் உள்ளே கனமாக ஒரு இழுப்பு. வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா, படித்துப் பார்த்தேன். ஊசி நரம்பைத் தூண்ட, மூளையும் தண்டுவடமும் எண்டார்பினைச் சுரந்து வலியை அமர்த்துகின்றன. அபின் வகை மருந்தை முறிக்கிற நலோக்சோனைக் கொடுத்தால் ஊசியின் பலன் குறைவதை 1970களிலேயே சில ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். 2010இல் எலிகளிடம் சோதித்தபோது குத்திய இடத்திலேயே வலியைக் குறைக்கிற அடினோசின் என்கிற பொருள் கூடியிருக்கிறது. ஆனால் உடம்பில் இன்ன புள்ளியில்தான் குத்த வேண்டும் என்கிற கணக்கு அவ்வளவு உறுதியில்லை. ஜெர்மனியில் 2007இல் வந்த இடுப்புவலி ஆய்வில், முறைப்படி குத்தியவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன். புள்ளியில்லாத இடத்தில் மேலாகக் குத்தியவர்களில் 44.2. வழக்கமான சிகிச்சைக்கு 27.4தான். எப்படியோ, வலிக்குக் கேட்கிறது.

வலிக்குத்தான் பாப்பா. என் டாக்டர் என் பிரஷர் மாத்திரையில் கை வைக்கவே இல்லை. "அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது" என்றார்.

கோவையில் உனக்குப் பார்க்கிறவர் ஊசிகூட இல்லாமல் ஒற்றை விரலால் தொடுகிறாராம், சர்க்கரைக்கும் அதுவே போதும் என்கிறாராம், அத்தை சொன்னாள். அத்தையிடம் கோபித்துக்கொள்ளாதே. கழுத்துவலி விட்டதென்றால் எனக்கும் சந்தோஷம்தான். பத்தாவதில் நீ வரைந்த கணையம் படத்தை அடுத்த செட் பிள்ளைகளுக்கும் காட்டினேன், என் மகள் வரைந்தது என்று சொல்லியே காட்டினேன். அப்படி வரைந்தவளுக்குத் தொட்டால் கணையம் என்ன செய்யும், என்ன செய்யாது என்று நான் சொல்லவா?

ஆடிப்பெருக்குக்கு வந்தபோது அலமாரியில் இரண்டு சர்க்கரை மாத்திரை அட்டையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மறந்திருப்பாள் என்கிறாள் அம்மா. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. பெரியப்பா கால் விஷயத்தையும் திரும்ப எழுதப் போவதில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, சாப்பிட்டதும் போட வேண்டியதைப் போடு.

விரல் வைத்தியத்துக்குப் போகாதே என்று சொல்லவில்லை, போ. அதோடு ஒருநாள் லேபுக்கும் போய் அந்த மூன்று மாதச் சர்க்கரை டெஸ்ட்டை எடுத்துவிடு. வெறும் வயிற்றில் போக வேண்டியதில்லை, ஆபீஸ் போகிற வழியிலேயே கொடுக்கலாம். பணம் அனுப்பவா என்று கேட்டால் சண்டைக்கு வருவாய், கேட்கவில்லை. ரிசல்ட்டை என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பு. அம்மாவுக்கு அனுப்ப வேண்டாம், நான் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா