பாப்பாவுக்கு, பினாங்குல இருந்து அம்மா

பாப்பா, நல்லா இருக்கியா, மெல்பர்ன்ல குளிர் ஆரம்பிச்சிருச்சா. போன்ல சொன்னா நீ உடனே டிக்கெட் போட்டுருவ, அதான் எழுதுறேன். ரெண்டு மாசத்துக்கு முன்ன ராத்திரி லைட் போடாம பாத்ரூம் போயி விழுந்துட்டேன். எக்ஸ்ரே எடுத்தாச்சு, எலும்புக்கு ஒண்ணும் ஆகல, இடுப்புல ரத்தம் கட்டுனதோட சரி. உங்கிட்ட மறைச்சது தப்புதான், கோவிச்சுக்காத.

ஆனா அதுக்கப்புறம் பயம் பிடிச்சிருச்சும்மா, மார்க்கெட் போறத விட்டேன், கோயிலுக்குப் போறத விட்டேன், ஆயர் ஈத்தாம்ல பஸ் ஏறவே கால் நடுங்குச்சு. பிசியோ பொண்ணு சொல்லுச்சு, ஆன்ட்டி நீங்க பயந்துக்கிட்டு உக்காந்தே இருந்தா காலு இன்னும் தளர்ந்து மறுபடியும்தான் விழுவீங்கன்னு. சுருக்குன்னு இருந்துச்சு எனக்கு.

இப்ப தினம் காலைல தேத்தண்ணிக்கு தண்ணி கொதிக்கிற நேரத்துல சிங்க் விளிம்ப பிடிச்சுக்கிட்டு, விழாம நிக்கிறதுக்கான பயிற்சி செய்றேன். குதிகால தூக்கி விரல்ல நின்னு மெல்ல இறக்கணும், 10 தடவ. அது சுலபம். அப்புறம் ஒரு காலுக்கு நேர் முன்னாடி இன்னொரு கால, குதிகாலு விரல தொடுற மாதிரி வச்சு 10 செகண்டு நிக்கணும், அதுலதான் ரொம்ப ஆடுறேன், எதிர்ச் சுவத்துல ஒரே இடத்த பாத்துக்கிட்டு இருந்தா நிக்க முடியுது. கண்ணு, உள்காது, பாதத்துல படுற உணர்ச்சி மூணும் சேர்ந்துதான் நம்மள நிமித்தி வைக்குதாம், வயசானா மூணுமே கொறையுது, அதோட இருட்டுல கண்ணும் உதவாதுல்ல, அன்னிக்கு நான் விழுந்தது ஏன்னு அப்பதான் புரிஞ்சுச்சு. கடைசியா ஒத்தக் காலு. மொத நாள் 3 செகண்டு கூட நிக்கல, இப்ப ரெண்டு விரல் மட்டும் சிங்க்ல வச்சுக்கிட்டு வலதுல 12, இடதுல 8.

65 தாண்டினவங்க வாரத்துக்கு 3 நாளாவது இந்த மாதிரி பேலன்ஸ் பயிற்சி செய்யணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. தலை சுத்துற அன்னிக்கு மட்டும் செய்ய மாட்டேன், பிரஷர் மாத்திரையால இருக்குமான்னு டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன், பாத்துக்கிட்டு இருக்காரு.

வீட்டுல கேமரா வைக்கணும்னு சொன்னியே, வேணாம்மா. பாத்ரூம்ல பிடிச்சுக்க கம்பி மாட்ட ஆள் சொல்லியாச்சு, நடைவழில லைட்டும் போட்டாச்சு.

தண்ணீர்மலை முருகன் கோயில் 513 படியும் ஏறி நாலு வருஷமாச்சு, கீழ நின்னே கும்பிட்டுட்டு வந்துடுறேன். அடுத்த தைப்பூசத்துக்கு நீ வர்றப்ப கைப்பிடிய பிடிச்சு மெல்ல ஏறிப் பாக்கணும். நீ முன்னாடி ஓடாம எனக்கு ஒரு படி பின்னாடியே வா.

அம்மா