ஒன்பதாம் மாடியின் ஏழு கதவுகளுக்கும் நான்காம் மாடி அம்மையாருக்கும் நன்றி

அன்புடையீர்,

வணக்கம். இவ்வாண்டு, 2024இல், தீபாவளியும், பிள்ளைகள் வேடமிட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டி இனிப்பு வாங்கும் ஹலோவீனும் ஒக்ரோபர் 31, வியாழக்கிழமை, ஒரே நாளில் வந்தன. கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவின் தொடர்மாடிக் கட்டடம் ஒன்றில் ஒன்பதாம் மாடியில் வசிக்கும் எங்கள் வீட்டில் ஐந்து வயது மகளும் மூன்று வயது மகனும் இருக்கிறார்கள். கோடைக்குப் பின் கணவரின் வேலை நேரம் பாதியாகக் குறைக்கப்பட்டிருந்ததால், தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குப் புது உடுப்பு எடுத்த கையோடு ஹலோவீன் வேட உடுப்புக்கும் செலவழிக்க எங்களிடம் வசதி இருக்கவில்லை.

அதனிலும் பெரிய கவலை மகனுடைய கச்சான் (வேர்க்கடலை) ஒவ்வாமை. சென்ற ஆண்டு ஹலோவீன் இரவு, வீடு வீடாகச் சென்று சேர்த்த பையிலிருந்து ஒரு சொக்லேற்றை எடுத்து அவன் கடித்த சில நிமிடங்களில் முகம் வீங்கி மூச்சுத் திணறியது. அவனுக்குக் கச்சான் ஆகாது என்பதே அன்றிரவு மருத்துவமனையில்தான் எங்களுக்குத் தெரியவந்தது. ஆகவே இம்முறை ஹலோவீனே வேண்டாம் என்று நான் முடிவெடுத்திருந்தேன். ஆனால் மகளோ ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும்போது, "அம்மா, நாங்கள் எந்தக் கதவைத் தட்டுவோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நான்காம் மாடியில் வசிக்கும் அயர்லாந்து அம்மையாருக்கே என் முதல் நன்றி உரியது. இம்மடலை அவரிடம் நேரில் சென்று ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டவிருக்கிறேன். உடுப்புத் தோய்க்கும் அறையில் என் மகள் அதே கேள்வியைக் கேட்டதைச் செவிமடுத்த அவர், தாம் கோல்வேயில் சிறுமியாக இருந்த காலத்தில் இந்த நாளுக்கென்று எவரும் கடையில் எதையும் வாங்கியதில்லை என்றும், எல்லாமே வீட்டு அடுப்படியில்தான் நடந்தன என்றும் சொன்னார். அங்கு பண்டைக்காலத்தில் வாழ்ந்த கெல்ட்டிய மக்களுக்கு நவம்பர் முதலாம் நாள் குளிர்காலத்தின் தொடக்கம். அதற்கு முந்திய இரவில் இறந்தோர் உலகத்தின் கதவு திறந்திருக்கும் என்று நம்பினார்கள். அந்த இரவுக்கு அயர்லாந்து மக்கள் குடைந்து விளக்காக்கியது பூசணிக்காயை அன்று, டர்னிப் கிழங்கை. கடல் கடந்து இங்கு வந்த அயர்லாந்து, ஸ்கொட்லாந்து மக்கள், அதைவிடப் பெரியதாகவும் குடைவதற்கு இலகுவாகவும் இருந்த இந்த மண்ணின் பூசணிக்காயைப் பின்னர் கையில் எடுத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவர் இரண்டு டர்னிப் கிழங்குகளுடனும் ஒரு தடித்த எவர்சில்வர் கரண்டியுடனும் எங்கள் வீட்டுக்கு வந்தார். டர்னிப்பைக் குடைவது எளிய வேலையன்று. மேற்பகுதியைப் பெரியவர்கள் வெட்டிக் கொடுக்க வேண்டும். அதன்பின் கரண்டியின் விளிம்பால் சிறிது சிறிதாகச் சுரண்ட, முள்ளங்கியையும் முட்டைக்கோசையும் சேர்த்து அவித்ததுபோன்ற ஒரு வாசனை வீடெங்கும் பரவும். இரண்டு மணி நேரம் பிள்ளைகள் அந்த மேசையை விட்டு அசையவில்லை. இறுதியில் கோணல் வாயும் இரண்டு சிறு துளைக் கண்களுமாக அமைந்த முகத்தினுள் பற்றரி மெழுகுதிரி ஒன்றை வைத்து மின்விளக்கை அணைத்தபோது, மகன் ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொண்டு, பயந்தபடியே கைதட்டினான்.

நூலில் கட்டித் தொங்கவிட்ட அப்பிளைக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் கடிக்கும் விளையாட்டையும் அவரே கற்றுத் தந்தார். அதைக் கண்டதும் என் மாமியார், ஊரில் சித்திரை வருடப்பிறப்பில் இப்படித்தான் பணிசைக் கட்டித் தொங்கவிடுவோம் என்று சொல்லி, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றார். தேநீரில் ஊறவைத்த முந்திரிகை வற்றல் சேர்த்துச் சுடும் பார்ம்பிராக் என்னும் பாணையும் அம்மையார் எங்கள் அடுப்பிலேயே, எங்கள் மாவைக் கொண்டே சுட்டார். கச்சான் புழங்கும் சமையலறையில் செய்ததை என் மகனுக்குக் கொடுக்க அவர் விரும்பவில்லை. அந்தப் பாணுக்குள் ஒரு மோதிரத்தை ஒளித்துவைப்பது வழக்கமாம். சிறு பிள்ளைகளின் தொண்டையில் சிக்கிவிடக்கூடும் என்பதால் அதை ஒரு தட்டின் அடியில் ஒளித்துவைத்தார். இத்தகைய கவனத்துக்கு நான் எவ்வாறு கைம்மாறு செய்வேன்?

அடுத்து, எங்கள் மாடியின் ஏழு வீட்டாருக்கும் நன்றி. உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்காக வாசலில் நீலப்பச்சை நிறப் பூசணிக்காய் வைத்து, இனிப்புக்குப் பதிலாகச் சிறு பொருள்களைக் கொடுக்கும் வழக்கம் 2014ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதும் அறிமுகமாகிப் பின்னர் இங்கும் பரவியிருக்கிறது. அதைப் பற்றி நான் எழுதிய ஒரு சிறு துண்டைக் கதவிடுக்கில் வைத்தபோது, ஏழு வீட்டிலிருந்தும் சம்மதம் வரும் என்று எதிர்பார்த்திருக்கவில்லை. ஹலோவீன் அன்று மாலை ஒவ்வொரு கதவிலும் நீலப்பச்சை வர்ணம் தீட்டிய கடதாசிப் பூசணிக்காய் ஒட்டப்பட்டிருந்தது. பென்சில்கள், ஸ்ரிக்கர்கள், துள்ளும் பந்துகள் எல்லாம் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. இரவு வேலைக்குச் செல்லும் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தாதி, தாம் வீட்டில் இருக்க முடியாதென்று கறுப்புத் தாளில் வெட்டிய வெளவால்களை உறையில் இட்டு, பிள்ளைகளின் பெயரெழுதிக் கதவில் தொங்கவிட்டிருந்தார். கடைசி வீட்டுத் தமிழ்த் தாத்தாவுக்கு இந்தப் பண்டிகை பழக்கமில்லை. ஆனாலும் பிள்ளைகள் "ட்ரிக் ஓர் ட்ரீட்" என்று கூவிய குரல் அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, மறுபடியும் தட்டச் சொல்லி, மூன்று முறை திறந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் வெகுதூரத்தில் இருக்கிறார்கள்.

தீச்சுடர் எதுவும் கூடாது, ஒன்பது மணிக்குள் நடைபாதையைத் துப்புரவாக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளுடன் அனுமதி தந்த கட்டடப் பராமரிப்பாளருக்கும், பேய்க் கதைப் புத்தகங்களில் சிறு பிள்ளைகளை அதிகம் அச்சுறுத்தாதவற்றைப் பொறுமையாகத் தேடித் தந்த நூலக ஊழியருக்கும் நன்றி. கணவரின் பழைய வேட்டியை நீளநீளமாகக் கிழித்து, என் இரு பிள்ளைகளையும் எகிப்திய மம்மிகளாகச் சுற்றிவிட்ட எதிர்வீட்டுத் தங்கைக்கும் நன்றி. வெளியே சென்றிருந்தால் அதற்கு மேல் குளிர்ச்சட்டை போட்டு மறைக்க நேர்ந்திருக்கும். நடைபாதையில் அந்த வேடம் முழுமையாகத் தெரிந்தது.

எங்களுக்கு ஆன மொத்தச் செலவு 13 டொலர். அதில் ஆறு டொலர் ஒரு பூசணிக்காய்க்கு. அதன் விதைகளைக் கழுவி உலர்த்தி, உப்பும் மிளகாய்த்தூளும் பிரட்டி வறுத்தோம். விளக்குக்காக விற்கும் பெரிய பூசணிக்காயின் சதை நீர்த்தன்மையும் நாருமாக இருக்கும் என்பதால், குடைந்த அன்றே அதைத் தேங்காய்ப்பாலில் சற்று இறுக்கமாகவே சமைத்தேன்; மாமியார் அதில் குறை காணவில்லை. ஆறு மணி கடந்து இருட்டிய வேளையில் எங்கள் சுவாமி அறையில் தீபாவளி விளக்கும், வாசலில் டர்னிப் முகமும் எரிந்தன.

அந்த டர்னிப் இப்போது சுருங்கிப் பழுப்பேறி, கிழவர் ஒருவரின் முகமாகிவிட்டது. மகள் அதை எறிய விடுகிறாள் இல்லை. அம்மையாரின் கரண்டியும் எங்களிடமே இருக்கிறது. குடைந்ததில் அதன் காம்பு வளைந்துவிட்டது. வரும் ஞாயிறு பிற்பகல் அதை நிமிர்த்தி எடுத்துக்கொண்டு பிள்ளைகளுடன் நான்காம் மாடிக்கு வருவோம். கதவைத் தட்டுவது மகளின் பொறுப்பு.

நன்றியுடன்,
ஒன்பதாம் மாடியிலிருந்து ஒரு தாய்